ஒன்பது எதிரிகள், ஏழு காயங்கள்: கூட்டுத் தாக்குதல் கொலை வழக்கில் ஒரு மேல்முறையீடு

ஒரு மாலை நேரத் தாக்குதலில் ஒருவர் இறந்தார். அமர்வு நீதிமன்றம் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்ற மேல்முறையீட்டில் அந்த ஒன்பது பேருக்கு நான்கு வகையான முடிவுகள் வந்தன. மேல்முறையீட்டாளர்கள் தரப்பில் கோப்பைத் தயார் செய்த ஜூனியர்களில் நானும் இருந்தேன். சம்பந்தப்பட்டவர்கள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சம்பவம் புதிய குற்றவியல் சட்டங்கள் அமலுக்கு வந்த 1.7.2024க்கு முந்தையது என்பதால் இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவுகளே பொருந்தின. கீழ்க்கோர்ட் வழக்கப்படி குற்றம் சாட்டப்பட்டவர்களை முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்றே குறிப்பிடுகிறேன்.

சம்பவம்

இரண்டு குடும்பங்களும் பங்காளிகள். நடுவில் ஒரு பொதுப்பாதை. ஒரு தரப்பு அதில் வேலி போட்டது, இன்னொரு தரப்பு சிவில் வழக்குப் போட்டது. சம்பவத்தன்று காலையில் யாரோ வேலியைப் பிடுங்க, வாய்த்தகராறு ஆனது. அக்கம்பக்கத்தார் விலக்கிவிட்டார்கள்.

மாலை ஏழரை மணி வாக்கில் முதல் எதிரியும் அவருடைய ஆட்களும் மற்றக் குடும்பத்து வீட்டு வாசலுக்கு வந்தார்கள். இந்த அளவுக்கு யாருக்கும் சந்தேகம் இல்லை. வீட்டுக்காரருக்குத் தலையின் இடப்பக்கம் ஒரு வெட்டு விழுந்து மண்டையோடு உடைந்தது. வலது முன்கையின் வெளிப்பக்கம் இன்னொரு வெட்டு. முதுகில் இரண்டு, தொடையில் ஒன்று என மூன்று கன்றல் காயங்கள். தடுக்கப் போன தம்பிக்கு இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது, தோளில் சிராய்ப்பு. ஆக இரண்டு பேர் உடம்பிலும் சேர்த்து ஏழு காயங்கள்.

இரவு எட்டரை மணிக்குள் இருவரும் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பத்தரை மணிக்குத் தம்பியிடம் வாங்கிய வாக்குமூலத்தின் பேரில் 147, 148 (கலகம்), 324 (ஆயுதத்தால் காயப்படுத்துதல்), 307 (கொலை முயற்சி) பிரிவுகளில் முதல் தகவல் அறிக்கை பதிவானது. விடியற்காலையில் அண்ணன் இறந்தார். வழக்கு 302க்கு (கொலை) மாற்றப்பட்டது. அறிக்கையில் ஒன்பது பெயர்கள். முதல் எதிரி, அவருடைய வயதான தகப்பனார், தம்பிகள், மச்சான், சித்தப்பா மக்கள் என்று குடும்ப அட்டைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியதைப் போல இருந்தது.

அமர்வு நீதிமன்றம் சொன்னது

நேரில் பார்த்ததாக நான்கு சாட்சிகள். முதல் சாட்சி காயம்பட்ட தம்பி, இரண்டாவது இறந்தவரின் மனைவி, மூன்றாவது பக்கத்து வீட்டுக்காரர். நான்காவது சாட்சி பிறழ்ந்துவிட்டார்.

முதல் எதிரி தலையில் வெட்டினார், இரண்டாம் எதிரி அரிவாளை ஓங்கியபோது இறந்தவர் கையால் தடுத்தார், மூன்றாம் எதிரி தம்பியின் மணிக்கட்டில் கட்டையால் அடித்தார், நான்காம் எதிரி இறந்தவரின் முதுகில் அடித்தார் என்பதில் மூன்று சாட்சிகளும் ஒத்துப்போனார்கள். மீதி ஐந்து பேரைப் பற்றி எல்லோரும் சொன்னது ஒரே வாசகம்: "சுற்றி நின்றுகொண்டு கைகளாலும் கட்டைகளாலும் சரமாரியாகத் தாக்கினார்கள்."

எதிர்த்தரப்பு, அதாவது எதிரிகள் தரப்பு, வழக்கு முழு மறுப்பு. சம்பவமே அப்படி நடக்கவில்லை, நாங்கள் அங்கே இல்லை என்று ஒன்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒன்பது பேருக்கும் ஒரே வக்கீல்.

தீர்ப்பு நீளமானது. ஆனால் ஐந்து முதல் ஒன்பது வரையிலான எதிரிகளைப் பற்றி அதில் இருந்தது ஒரு பத்திதான். சட்டவிரோதக் கூட்டத்தில் உறுப்பினராக இருந்தாலே 149ஆம் பிரிவின்படி பொறுப்பு உண்டு, தனித்தனியாக யார் என்ன செய்தார் என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதில்லை என்று சொல்லி, உச்ச நீதிமன்றத்தின் மசால்டி (1964) தீர்ப்பை மேற்கோள் காட்டி, எல்லோருக்கும் 302 உடன் 149 என்று முடித்துவிட்டது. சட்டம் சரிதான். ஆனால் அந்த ஐந்து பேர் உறுப்பினர்களாக இருந்தார்களா என்பதுதானே முதல் கேள்வி? அதற்கு அந்தப் பத்தியில் பதில் இல்லை.

கோப்பில் கண்டது

மேல்முறையீட்டுக்கான ஆவணத் தொகுப்பான பேப்பர் புக் வந்ததும் சீனியர் சொன்ன முதல் வேலை, தீர்ப்பை மூடி வைத்துவிட்டு ஆவணங்களை நேர வரிசையில் அடுக்குவது. பிறகு ஒரு அட்டவணை. குறுக்கே ஒன்பது எதிரிகள். நெடுக்கே விபத்துப் பதிவேடு, முதல் தகவல் அறிக்கை, 161 வாக்குமூலங்கள் (புலனாய்வில் போலீஸ் சாட்சிகளிடம் எழுதுபவை), கோர்ட் சாட்சியம், காயச் சான்று, பிரேதப் பரிசோதனை அறிக்கை, பொருள் கைப்பற்றல். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஆவணம் அந்த எதிரியைப் பற்றி என்ன சொல்கிறதோ அது மட்டும்.

முதல் நான்கு எதிரிகளின் பத்திகள் மேலிருந்து கீழ்வரை நிரம்பின. ஐந்து முதல் ஒன்பது வரை முதல் கட்டமே காலி.

அந்த முதல் கட்டம்தான் விபத்துப் பதிவேடு. அடிதடியில் காயம்பட்டு யார் வந்தாலும், யார் தாக்கினார்கள், எதனால், எப்போது என்று கூட வந்தவர் சொல்வதைப் பணி மருத்துவர் ஓரிரு வரியில் எழுதிக்கொள்வார். இந்த வழக்கில் அண்ணனுக்கும் தம்பிக்கும் பத்து நிமிட இடைவெளியில் போட்ட இரண்டு பதிவுகளிலும் இருந்தது: "தெரிந்த 4 நபர்கள் அரிவாள், கட்டையால் தாக்கியதாக." சொன்னவர் தம்பி என்று மருத்துவர் சாட்சியம் அளித்திருந்தார். போலீஸ் வருவதற்கு முன்பு, பெயர்களை யோசித்துச் சேர்க்க நேரம் கிடைப்பதற்கு முன்பு, அந்த வழக்கில் எழுதப்பட்ட முதல் காகிதம் அதுதான். தாக்கியவர்களின் பெயரை எழுதுவது மருத்துவரின் வேலையல்ல என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. பெயர் இல்லாதது பெரிய விஷயமில்லை. எண்ணிக்கை நான்கிலிருந்து ஒன்பதானது பெரிய விஷயம்.

அடுத்தது நேரம். முதல் தகவல் அறிக்கை இரவு பத்தரைக்குப் பதிவானதாகச் சொல்லப்பட்டது. சில கிலோமீட்டர் தூரத்தில் இருந்த நீதித்துறை நடுவரிடம் அது மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் போய்ச் சேர்ந்திருந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 157ஆம் பிரிவு உடனடியாக அனுப்பச் சொல்கிறது. எடுத்துப் போன காவலரை அரசுத் தரப்பு விசாரிக்கவில்லை. புகார் தாமதமானால் கற்பனையும் கூட்டிச் சேர்த்தலும் புகுந்துவிடலாம் என்று துலியா காளி எதிர் தமிழ்நாடு அரசு (1972) வழக்கில் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது இந்த மாதிரி இடைவெளிகளைத்தான். சாட்சிகளின் 161 வாக்குமூலங்களும் சம்பவத்துக்குப் பிறகு உடனே கோர்ட்டுக்குப் போகவில்லை. இறுதி அறிக்கையோடுதான் போயின.

பொருள் கைப்பற்றலில் சொல்ல அதிகம் இல்லை. முதல் இரண்டு எதிரிகளிடமிருந்து கைப்பற்றியதாகச் சொன்ன அரிவாள்களில் மனித ரத்தம் இருந்தது, ரத்தப் பிரிவு தெரியவில்லை. கட்டைகளில் ஒன்றும் இல்லை. ஒப்புதல் வாக்குமூலத்தில் சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவு அனுமதிக்கும் பகுதியை, அதாவது பொருளைக் கண்டுபிடிக்க வழிவகுத்த பகுதியை, மட்டும் குறியீடு செய்யாமல் முழுவதையும் சான்றாவணம் ஆக்கியிருந்தார்கள். ஆங்கிலேயர் காலத்து இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் புலுக்குரி கோட்டையா (1947) வழக்கில் தெளிவாக்கிய விஷயம் இது. இன்னும் நடக்கிறது.

இன்னொன்று, முதல் எதிரியின் தலையிலும் ஒரு கிழிந்த காயம். அதே இரவில், அதே மருத்துவமனையில் சிகிச்சை. அவர் கொடுத்த எதிர்ப் புகாரைப் போலீஸ் முடித்து வைத்திருந்தது. அந்தக் காயத்தைப் பற்றி அரசுத் தரப்பு சாட்சிகள் யாரும் வாய் திறக்கவில்லை.

எடுத்த முடிவுகள்

சட்டத்தை விடக் கடினமாக இருந்தது வக்காலத்து விஷயம்தான். ஒன்பது பேரும் ஒரே வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு சீனியரிடம் கொடுத்திருந்தார்கள். ஒன்றாக நின்றால் ஒன்றாக வெளியே வருவோம் என்பது குடும்பத்தின் நம்பிக்கை.

அட்டவணையைப் பார்த்த பிறகு அது சாத்தியம் இல்லை என்று தெரிந்தது. ஐந்து முதல் ஒன்பது வரையிலானவர்களுக்குச் சொல்ல வேண்டிய வாதம், "விபத்துப் பதிவேட்டில் இருக்கும் நான்கு பேர்தான் செய்தார்கள்" என்ற இடத்தில் போய் நிற்கும். மூன்று, நான்காம் எதிரிகளுக்கு, "எங்கள் அடி உயிர்போகும் இடத்தில் விழவில்லை, வெட்டியவர்கள் வேறு." முதல் எதிரிக்கு, "தற்காப்பு, அல்லது திடீர்ச் சண்டை." ஒருவருடைய வாதம் இன்னொருவர் கழுத்தில் விழும். இதை ஒரே வக்கீல் மூன்று விதமாகப் பேசினால் பெஞ்ச் எதையும் நம்பாது. அதைவிட முக்கியமாக, அது தொழில் நெறிக்கு ஒவ்வாது.

தண்டனை நிறுத்திவைப்பில் வெளியே வந்திருந்த ஐந்தாம் எதிரி, முதல் எதிரியின் தகப்பனார், அலுவலகத்துக்கு வந்தார். சீனியர் விளக்கியதும் அவர் கேட்டது: "பெத்த பையனை உள்ள விட்டுட்டு நான் மட்டும் வெளிய நடக்கணுமா?"

"ஐயா, உங்களுக்காகப் பேசுறதும் உங்க பையனுக்காகப் பேசுறதும் ஒரே வாயிலேருந்து வர முடியாது. அவருக்கு நல்லா பேசுற ஆளை நானே சொல்றேன். அவரை விட்டுடச் சொல்லலை."

சில வாரங்கள் ஆயின. கடைசியில் மூன்றாகப் பிரித்தோம். ஒன்று, இரண்டு ஒரு வக்கீலிடம், மூன்று, நான்கு இன்னொருவரிடம், மீதி ஐந்து பேர் எங்களிடம். மூன்று அலுவலகங்களும் பேப்பர் புக்கைப் பகிர்ந்துகொண்டோம். வாதக் குறிப்புகளைப் பகிரவில்லை.

இரண்டாவது முடிவு, சம்பவமே நடக்கவில்லை என்ற வாதத்தைக் கைவிடுவது. கீழ்க்கோர்ட்டில் அது எடுபடவில்லை என்பதால் மட்டும் அல்ல. சாட்சிகளை முழுப் பொய்யர்கள் என்று தாக்கினால், பெஞ்ச் காயம்பட்ட தம்பியின் மணிக்கட்டைப் பார்க்கும், அதோடு நம் வாதம் முடிந்துவிடும். அதற்குப் பதில் எங்கள் நிலைப்பாடு: தம்பி அங்கே இருந்தார், அடிபட்டார், பார்த்தார். மருத்துவமனையில் முதலில் சொன்னது உண்மை. பிறகு சேர்ந்ததுதான் சந்தேகத்துக்குரியது.

எட்டாம் எதிரி அன்று வேலையில் இருந்ததாக ஒரு வருகைப் பதிவேடு கீழ்க்கோர்ட்டில் போடப்பட்டிருந்தது. பதிவேட்டை எழுதியவரை விசாரிக்காததால் அது நிற்கவில்லை. அதை நாங்கள் மீண்டும் எடுக்கவில்லை. பலவீனமான வாதம் ஒன்று பக்கத்தில் இருக்கும் பலமான வாதத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

வாதம்

வேடிக்கை என்னவென்றால் இரண்டு தரப்புமே மசால்டியைத்தான் கையில் எடுத்தோம். கூட்டத்தில் இருந்தவர் ஒவ்வொருவரும் கை ஓங்கியதாகக் காட்ட வேண்டியதில்லை என்று அது சொல்வதை அரசுத் தரப்பு படித்தது. அதே தீர்ப்பு, பலர் பலரைத் தாக்கியதாகச் சொல்லும் வழக்கில் இரண்டு, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சாட்சிகளின் முரணில்லாத விவரிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது பயனுள்ள சோதனை என்கிறது. அதை நாங்கள் படித்தோம். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் கூட்டத்தோடு சேர்த்துச் சிக்கிக்கொள்ளக் கூடாது என்ற பாலதீன் (1955) வழக்கின் வரிகளைக் கீழ்க்கோர்ட்டில் எதிர்த்தரப்பு பெரிதாக நம்பியிருந்தது. அந்த வரிகளை அந்த வழக்கின் தனிச் சூழலில் வைத்துத்தான் படிக்க வேண்டும் என்று மசால்டியே சொல்லிவிட்டதால், நாங்கள் அதை நம்பி நிற்கவில்லை.

அரசுத் தரப்பின் வலுவான பதில் விபத்துப் பதிவேட்டைப் பற்றியது. "நான்கு பேர்" என்பது தம்பி முன்பு சொன்ன ஒரு கூற்று. அதை வைத்து அவரை முரண்படுத்த வேண்டுமானால், சாட்சியச் சட்டத்தின் 145ஆம் பிரிவின்படி குறுக்கு விசாரணையில் அவரிடமே காட்டிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மருத்துவரிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டு விட்டுவிட்டார்கள். ஒன்பது பேருக்கும் ஒரே வக்கீலாக இருந்தவர் தம்பியிடம், "மருத்துவரிடம் நாலு பேர்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டிருந்தால் முதல் நான்கு பேரை அவரே அடையாளம் காட்டியதாகிவிடும். கேட்காததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் பதில்: அதைத் தம்பியின் சாட்சியத்தை உடைக்கும் முரணாக நாங்கள் வைக்கவில்லை. அரசுத் தரப்பே மருத்துவர் மூலம் நிரூபித்த ஆவணம் அது. அறிக்கை நடுவரிடம் போன தாமதம், வாக்குமூலங்கள் போன தாமதம், மருத்துவச் சான்று ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒரு சூழ்நிலை. ஐந்து பேர் கட்டைகளால் சரமாரியாக அடித்திருந்தால் ஏழோடு காயங்கள் நின்றிருக்குமா? அந்த ஏழில் ஐந்து, முதல் நான்கு எதிரிகளோடு ஏற்கெனவே பொருந்திவிடுகின்றன. தொடைக் காயமும் தோள் சிராய்ப்பும் மட்டும்தான் மிச்சம், அவை யாரால் வந்தன என்று எந்தச் சாட்சியும் சொல்லவில்லை.

முதல் எதிரியின் வக்கீல் அவருடைய தலைக்காயத்தை வைத்து லட்சுமி சிங் (1976) வழக்கைக் காட்டினார். எதிரியின் காயத்தை அரசுத் தரப்பு விளக்காவிட்டால் சம்பவத்தின் தொடக்கத்தை மறைக்கிறார்கள் என்று கருதலாம் என்பது அதன் சாரம். கீழ்க்கோர்ட்டில் தற்காப்பு என்று சொல்லாவிட்டாலும், பதிவில் இருக்கும் சாட்சியமே அதைக் காட்டினால் மேல்முறையீட்டில் எழுப்பலாம். மாற்றாக, ஒரே வெட்டு, திடீர்ச் சண்டை, ஆகவே கொலை அல்ல, தண்டனை குறைவான 304 இரண்டாம் பகுதி என்றார்.

விசாரணையில் என் நினைவில் அதிகம் நின்றது அரசு கூடுதல் குற்றவியல் வழக்கறிஞர் முன்கை வெட்டைப் பற்றிப் பேசியது. கையில்தான் வெட்டினார் என்று இரண்டாம் எதிரி சொல்லிக்கொள்ள முடியாது என்றார். பிரேதப் பரிசோதனை அறிக்கையை எடுத்து, வெட்டு முன்கையின் வெளிவிளிம்பில் இருக்கிறது என்று காட்டி, தன் கையையே தலைக்கு மேல் தூக்கிக் காண்பித்தார். தடுக்கத் தூக்கிய கையில் மட்டுமே அந்த இடத்தில் அப்படி விழும். கை குறுக்கே வராவிட்டால் அந்த வெட்டு எங்கே போயிருக்கும்? எதிர்த்தரப்பில் யாரிடமும் அதற்கு நல்ல பதில் இல்லை.

தீர்ப்பு

உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, வடிவேலு தேவர் எதிர் மெட்ராஸ் மாநிலம் (1957) வழக்கிலிருந்து தொடங்கியது. சாட்சிகள் மூன்று வகை: முழுமையாக நம்பத்தக்கவர், முழுமையாக நம்பத்தகாதவர், இரண்டுக்கும் நடுவில் இருப்பவர். தம்பியையும் இறந்தவரின் மனைவியையும் மூன்றாவது வகையில் வைத்தது. அப்படிப்பட்டவர் சொல்வதற்கு வேறு உறுதி தேவை. ஒரு பகுதி பொய் என்பதற்காக முழுவதையும் தள்ள வேண்டும் என்ற விதி நம் நாட்டில் இல்லை. நெல்லையும் பதரையும் பிரித்தாக வேண்டும்.

முதல் நான்கு எதிரிகளுக்கு அந்த உறுதியைக் காயங்கள் தருகின்றன. மீதி ஐந்து பேருக்கு எதுவும் தரவில்லை. ஆகவே சந்தேகத்தின் பலனை அளித்து அவர்கள் விடுதலை.

அதோடு இன்னொன்றும் சரிந்தது. சட்டவிரோதக் கூட்டம் என்றால் குறைந்தது ஐந்து பேர் வேண்டும். பெயர் சொல்லப்பட்ட ஒன்பது பேரைத் தவிர அடையாளம் தெரியாத வேறு யாரும் இருந்ததாக அரசுத் தரப்பு சொல்லவில்லை. அதில் ஐந்து பேர் விடுதலையான பின் மிச்சம் நான்கு. மோகன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, அங்கே 149க்கு இடமில்லை. 147, 148ம் போயின.

இரண்டாம் எதிரி எதிர்பார்த்தது அந்த இடத்தைத்தான். ஆனால் உயர் நீதிமன்ற அமர்வு, பொது உள்நோக்கத்தோடு பலர் சேர்ந்து செய்த குற்றத்துக்கு ஒவ்வொருவரையும் பொறுப்பாக்கும் 34ஆம் பிரிவுக்குப் போனது. குற்றச்சாட்டில் 34 இல்லாவிட்டாலும், சாட்சியம் அதைக் காட்டி, எதிரிக்குப் பாதகம் ஏற்படாவிட்டால் பயன்படுத்தலாம். காலைத் தகராறு முடிந்து மணிக்கணக்கான பிறகு இருவரும் அரிவாளோடு வாசலுக்கு வந்தார்கள், இருவருமே தலையைக் குறிவைத்தார்கள், ஒன்றைக் கை தடுத்தது. பொது உள்நோக்கத்துக்கு இது போதும். முதல் எதிரிக்கு 302, இரண்டாம் எதிரிக்கு 302 உடன் 34, ஆயுள் தண்டனை அப்படியே. இடைவெளியும் ஆயுதமும் திடீர்ச் சண்டை வாதத்தை அடைத்தன. தலைக்காயம் விர்சா சிங் (1958) வகுத்த சோதனையில் 300 மூன்றாம் கூறுக்குள் (இயல்பாகவே மரணம் விளைவிக்கப் போதுமான காயத்தை வேண்டுமென்றே ஏற்படுத்துவது) வந்தது. முதல் எதிரியின் காயம் மேலோட்டமானது, தேடிப்போனவரும் அவரே என்பதால் தற்காப்பு நிற்கவில்லை.

மூன்று, நான்காம் எதிரிகள் அடிக்க வந்தவர்கள், கொல்லும் எண்ணத்தில் பங்கு கொண்டதாகச் சாட்சியம் இல்லை. மூன்றாம் எதிரிக்கு மணிக்கட்டு முறிவுக்காக 325இல் (கொடுங்காயம்) மூன்று ஆண்டு, நான்காம் எதிரிக்கு 324இல் ஏற்கெனவே சிறையில் கழித்த காலம். இறந்தவரின் மனைவிக்கு இழப்பீடு வழங்குவதைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357-ஏ பிரிவின் கீழ் பரிசீலிக்குமாறு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு உத்தரவிட்டது.

அதன் பிறகு

முதல் இரண்டு எதிரிகள் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி கோரினார்கள், கிடைக்கவில்லை. ஐந்து பேர் விடுதலையை எதிர்த்து அரசோ இறந்தவர் குடும்பமோ மேலே போகவில்லை. ஆனால் இறந்தவரின் மனைவி தரப்பில் அரசுக்கு உதவியாக வந்த வக்கீல் பிறகு ஒருநாள் கோர்ட் வராந்தாவில் சொன்னார், "நாலு பேரோட நிறுத்தியிருந்தா மூணும் நாலும்கூட கொலையில மாட்டியிருப்பாங்க." முழுக்கச் சரி என்று சொல்ல மாட்டேன். ஐந்து பெயர்களைச் சேர்த்ததால்தான் தம்பியும் இறந்தவரின் மனைவியும் நடு வகைக்கு இறங்கினார்கள் என்பது மட்டும் உண்மை.

எதை மாற்றிச் செய்யலாம்

புலனாய்வு அதிகாரி முதலில் பார்க்க வேண்டியது விபத்துப் பதிவேட்டை. அதில் நான்கு, வாக்குமூலத்தில் ஒன்பது என்றால், அந்த வித்தியாசத்தை அன்றைக்கே தம்பியிடம் கேட்டு எழுதியிருக்கலாம். உண்மையான விளக்கம் இருந்திருக்கவும் கூடும். அண்ணன் உயிருக்குப் போராடும்போது ஒருவர் ஆயுதம் வைத்திருந்தவர்களை மட்டும் எண்ணிச் சொல்லியிருக்கலாம். கேட்காததால் அந்த விளக்கம் பதிவில் இல்லாமலே போனது. எதிர்ப் புகாரையும் சேர்த்து விசாரித்து முதல் எதிரியின் காயத்துக்குப் பதில் சொல்லியிருந்தால், மேல்முறையீட்டில் ஒரு வாதமே பிறந்திருக்காது.

விசாரணை நீதிமன்றத்தில் வக்காலத்தைப் பிரிப்பதை முதல் நாளே செய்ய வேண்டும். மேல்முறையீட்டுக்கு வந்த பிறகு பிரித்தால், கேட்காமல் விட்ட குறுக்கு விசாரணையை யாராலும் திரும்பக் கேட்க முடியாது. இரண்டாம் எதிரிக்கும் தனி வக்கீல் வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அவருடைய வாதத்தை முதல் எதிரியின் வக்கீலே பேசியதால், இருவர் நோக்கமும் வேறு என்று யாரும் அழுத்திச் சொல்லவே இல்லை. முன்கைக் காயத்தைத் தாண்டி அது எடுபட்டிருக்காது என்கிறார் சீனியர். இன்னும் எங்களுக்குள் முடிவாகவில்லை.

புதிய சட்டங்களில் 149 என்பது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 190 ஆகவும், 34 என்பது 3(5) ஆகவும், கொலைக்கான தண்டனை 103 ஆகவும் இடம் மாறியிருக்கின்றன. ஐந்து பேர் என்ற எண்ணிக்கை 189இல் அப்படியே இருக்கிறது. ஆகவே சட்டக் கேள்விகள் மாறாது. மாறக்கூடியது சாட்சியத்தின் தரம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு சோதனையையும் பொருள் கைப்பற்றலையும் ஒளி-ஒலிப் பதிவு செய்யச் சொல்கிறது. ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வருவதை 176(3) கட்டாயமாக்குகிறது, மாநிலங்கள் இதை நடைமுறைப்படுத்த ஐந்து ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. அரிவாளும் கட்டையும் எங்கே, யாரிடம் கிடைத்தன என்பதில் இது உதவும். மருத்துவமனை வாசலில் யார் யாரிடம் எத்தனை பேர் என்று சொன்னார்கள் என்பதற்கு இன்றும் பணி மருத்துவர் எழுதும் அந்த ஓரிரு வரிதான்.